பொதுமக்களிடம் ஒப்படைக்கச் சொன்ன மகனுக்கு

முரளி,

நம் குடும்பக் குழுவில் நீ போட்ட செய்தியைப் படித்தேன். மெய்நிகர் நாணயங்களுக்குச் சட்டம் கொண்டுவர அரசாங்கம் ஒரு வரைவு வெளியிட்டிருக்கிறது, பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாம், நான் எழுதி வைத்திருப்பதை அப்படியே எடுத்து உங்கள் பெயரைப் போட்டு அந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள் என்று எல்லோரையும் கேட்டிருந்தாய். உன் பெரியப்பா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். கூரத்துச் சித்தி கும்பிடு போட்டாள். உன் அப்பா பஸ் ஸ்டாண்டு வாசலில் ஆட்டோவை ஓரம் கட்டி, அங்கேயே அனுப்பிவிட்டதாக வீட்டுக்கு வந்து சொன்னார். நான் அனுப்பவில்லை. நீ எழுதியதில் பெரும்பாலும் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் கடைசியில் ஒரு வரி வைத்திருக்கிறாய். ஊர் ஊராக ஆள் சேர்த்த ஏஜெண்டுகளுக்கு வழக்கு, வாய்தா என்று காலம் கடத்தாமல் அவர்களைப் பொதுமக்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியில் நின்றுவிட்டேன். நீ சொல்கிற பொதுமக்களை நான் பார்த்திருக்கிறேன். என் மெஸ்ஸுக்குள் வந்தார்கள். என் தம்பியின் வலது கண்ணை எடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவனை நான்தான் பெற்றேன்.

அன்றைக்குப் பிறகு நீ என்னோடு நேராகப் பேசியதில்லை. ஓசூரிலிருந்து அப்பாவுக்குப் போன் போடுவாய், அவர் என்னிடம் நீட்டினால் துண்டித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நீ செய்தி போட்ட அதே குழுவிலேயே இதைப் போடுகிறேன். உன் வரியைத் தங்கள் பெயரில் அனுப்ப யாரெல்லாம் தயாராக இருக்கிறார்களோ அவர்களும் இதைப் படிக்கட்டும்.

கோபி இதற்குள் எப்படிப் போனான் என்று சொந்தக்காரர்கள் பலருக்குத் தெரியாது. எனக்கு அடுத்துப் பிறந்தவன் அவன். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் சேலை எடுத்துப் போடும் வேலை. மெத்தையில் சப்பணம் கொட்டி உட்கார்ந்து அவன் ஒரு சேலையை விசிறிப் போட்டால், வேண்டாம் என்று எழுந்தவர்கள் மறுபடி உட்காருவார்கள். கல்யாண ஜவுளி எடுக்க வந்த வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இதைக் கவனித்துக்கொண்டே இருந்தாராம். பில் போட்டு முடித்ததும் அவனை டீக்கடைக்கு அழைத்துப் போய், இந்த வாய்க்கு இந்தச் சம்பளம் அநியாயம் என்றாராம். அப்படித்தான் அந்தக் காயின் நம் வீட்டுக்குள் வந்தது. கையில் தொட முடியாது, செல்போனுக்குள் மட்டும் இருக்கும், நாளுக்கு நாள் ஏறும், எந்த பேங்கும் அதில் தலையிட முடியாது என்று கோபி விளக்கினான். முதலில் போட்டவனும் அவன்தான். அவன் பெண்டாட்டி கழுத்தில் தாலியை மட்டும் விட்டுவிட்டு மற்ற நகை எல்லாம் அதற்குள் போயிற்று. அவன் நம்பினான் என்பதை நான் எங்கேயும் சொல்வேன். கடைசி சில மாதம் அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது, அப்போதும் ஆள் சேர்ப்பதை அவன் நிறுத்தவில்லை என்பதையும் சொல்வேன். புது ஆட்கள் வந்தால்தான் பழைய ஆட்களின் பணம் வெளியே வரும் என்று மேலே இருந்தவர்கள் சொன்னதைக் கேட்டு, தெரிந்தே இன்னும் சிலரை இழுத்துப் போட்டான். அதற்கு அவன் மேல் மோசடி வழக்கு இருக்கிறது. இருக்கட்டும், நடக்கட்டும்.

அவனுக்கு அடுத்துப் போட்டது நீ. ஒரகடத்துக் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து வந்து, தூங்காமல் அவன் வண்டியில் ஏறி வாலாஜாபாத்துக்குப் போவாய். அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். வெள்ளைச் சட்டைக்காரர் மேடையில் பேசுவார், கோபி ஆட்களை உட்கார வைப்பான், திரையில் கோடு ஏறுவதை நீ கை நீட்டிக் காட்டுவாய். கடைசியில் பிரியாணி. உன்னோடு வேலை செய்த பிள்ளைகளை நீதான் சேர்த்துவிட்டாய். பட்டாபிராமிலிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருந்த அந்தப் பையன் தன் அக்காவின் நகையை அடகு வைத்துப் போட்டது உன் பேச்சைக் கேட்டுத்தான். அரசாங்கத்துக்கு நீ எழுதிய கருத்தில் இது எங்கேயும் இல்லை. ஆள் சேர்த்தவர்களை ஒப்படைக்க வேண்டுமென்றால் உன்னையும் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும், முரளி. எழுதும்போது உனக்கு இது தோன்றவில்லையா, தோன்றியதால்தான் அவ்வளவு கோபமாக எழுதினாயா, எனக்குத் தெரியவில்லை.

தணிகாசலம் அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் நமக்கு எதிர் வரிசை வீடு, வீட்டிலேயே தறி. அதிர்ந்து பேசாத மனிதர். அவர் தன் பணத்தோடு நிற்காமல், பெண்ணைக் கொடுத்த இடத்திலும் சொல்லிப் போட வைத்தார். சம்பந்தி தன் நிலத்தை விற்றுப் போட்டார். பிறகு ஒருநாள் எல்லோர் செல்போனிலும் பணத்தின் எண் அப்படியே இருந்தது, ஆனால் பணத்தை எடுக்க முடியவில்லை. இன்று, நாளை என்று சொல்லிச் சொல்லி, வெள்ளைச் சட்டைக்காரரின் போனும் நின்றுவிட்டது. சம்பந்தி வீட்டில் அந்தப் பெண்ணைக் கைக்குழந்தையோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். தணிகாசலம் அண்ணன் காவல் நிலையத்துக்குப் போனார். ஒருமுறை நானும் அவரோடு போயிருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் மோசமாக ஒன்றும் பேசவில்லை. நிஜமாகவே குழம்பிப் போய்த்தான் கேட்டார். இது ரூபாயா, டெபாசிட்டா, ஷேரா, சீட்டா, எதில் போடுவது என்று கேட்டார். கம்பெனி எந்த ஊரில் பதிவாகியிருக்கிறது என்றார். எங்களுக்குத் தெரியவில்லை. சென்னைக்குப் போகச் சொன்னார்கள். அங்கேயும் அவரோடு போனேன், ஒரு அலுவலகத்தில் இணையத்தில் புகார் போடச் சொன்னார்கள். இணையத்தில் போட்டதற்கு ஒரு எண் வந்தது, அதோடு சரி. திரும்பி வரும் ரயிலில் அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, 'யாராவது ஒருத்தன் எதிர்ல உட்கார்ந்து, ஆமாயா, உன்ன ஏமாத்திட்டானுங்கன்னு சொன்னா போதும்மா' என்றார். அதைச் சொல்ல ஒருவரும் இல்லை. வெள்ளைச் சட்டைக்காரர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று தெரியாது. கோபி நாலு தெரு தள்ளி இருந்தான்.

அன்று காலை நடந்ததில் நீ வந்ததிலிருந்துதான் உனக்குத் தெரியும். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். ஏனாத்தூர் காலேஜ் பிள்ளைகள் முதல் பந்தி சாப்பிட்டு எழுந்து, அடுத்த ஈடு இட்லி வெந்துகொண்டிருந்தது. பின்கதவு வழியாகக் கோபி உள்ளே வந்து விழுந்தான். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. 'அக்கா, வூட்டு ஜன்னலெல்லாம் ஒடச்சிட்டாங்க, பின்னாலயே வந்துக்கினு இருக்கறாங்க' என்றான். மாவு அரைக்கும் அறையில் கிரைண்டருக்குப் பின்னால் அவனைத் தள்ளிக் கதவைச் சாத்தினேன். சாத்திய கையை எடுப்பதற்குள் முன்வாசல் நிறைந்துவிட்டது. எல்லாம் தெரிந்த முகம். எனக்கு வாடிக்கையாகப் பால் ஊற்றுகிறவர் இருந்தார். போன வாரம் தன் பெண்ணின் மஞ்சள் நீராட்டுக்கு என்னை அழைத்துவிட்டுப் போனவர் இருந்தார். கோபி இங்கே இல்லை என்றேன். அவனுடைய இன்னொரு செருப்பு பின்வாசலில் கிடந்ததை யாரோ பார்த்துவிட்டார்கள். என்னை அடுப்படிச் சுவரோடு தள்ளினார்கள். என் ரவிக்கைத் தையல் தோளில் கிழிந்தது. அந்த அறைக் கதவு பழைய பலகைக் கதவு, நாலு உதையில் கீலோடு வந்துவிட்டது.

தலைமுடியைப் பிடித்து அவனைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு இழுத்து வந்தார்கள். அரைத்த மாவு தரையெல்லாம் கொட்டி, அவன் எழ முயன்றபோதெல்லாம் வழுக்கி விழுந்தான். தணிகாசலம் அண்ணன் கையில் தறியிலிருந்து கழற்றி வந்த கட்டை. அவர் அடித்த முதல் அடி தோளில் விழுந்தது, எலும்பு உடைந்த சத்தம் எனக்கு அடுப்படி வரை கேட்டது. அவர் வேறு யாரோ மாதிரி இருந்தார். ஒவ்வொரு அடிக்கும் தன் பெண்ணின் பெயரைச் சொல்லிக்கொண்டே அடித்தார். யாரோ என் அண்டாவிலிருந்து ஒரு வாளி சாம்பாரை மொண்டு அவன் முதுகில் ஊற்றினார்கள். அப்போதுதான் இறக்கிய சாம்பார். சட்டையும் தோலும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. அவன் கத்தவில்லை, கத்த மூச்சு வரவில்லை. ரோட்டில் போன ஒருவர் பைக்கை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். அவன் விலாவில் ஓங்கி உதைத்தார். உதைத்த பிறகுதான் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, 'இன்னா பண்ணான், திருடனா?' என்று கேட்டார். அவருக்கு அந்தக் காயினில் ஒரு பைசா போகவில்லை. பெயர் கூட எங்களுக்குத் தெரியாது. அவரும் பொதுமக்கள்தான்.

அப்போது உன் வண்டிச் சத்தம் கேட்டது. நீ உள்ளே வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாய். நீ தடுப்பாய் என்று நினைத்தேன். அந்த ஒரு கணம் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. நீ அந்த ஹெல்மெட்டை வாரைப் பிடித்துச் சுழற்றி அவன் முகத்தில் இறக்கினாய். மறுபடி இறக்கினாய். கண்ணாடி மூடி உடைந்து, உடைந்த விளிம்பு அவன் கண்ணுக்குள் போனதை நான் பார்த்தேன். உனக்குக் கேட்காத ஒன்று அப்போது எனக்குக் கேட்டது, இந்தக் கடிதமே பாதி அதற்காகத்தான். அவன் ஒரு கண்ணால் உன்னை அடையாளம் கண்டுகொண்டான். கையைத் தூக்கி உன்னைத் தள்ளுவது போல் ஆட்டினான். 'மாப்ள, நீ போயிடுபா. போலீஸ் வந்துடும், நீ போயிடு' என்றான். அதைச் சொல்லி முடித்த பிறகுதான் நீ அவன் தாடையை உடைத்தாய்.

வடைச் சட்டியில் எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. கரித்துணியால் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கினேன். அந்தச் சட்டியை நான் தனியாகத் தூக்கியதே இல்லை. கொண்டுவந்து கோபியின் தலைமாட்டில் நின்று, 'எவன் கிட்ட வந்தாலும் ஊத்திடுவேன்' என்றேன். எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். நகராமல் எனக்கு நேர் எதிரில் நின்றது நீ மட்டும். கையில் ஹெல்மெட், உன் பனியன் எல்லாம் அவன் ரத்தம். நீ ஒரு அடி முன்னால் வைத்திருந்தால் ஊற்றியிருப்பேன், முரளி. பயமுறுத்தச் சொல்லவில்லை. நான் பெற்ற முகத்தில் கொதிக்கிற எண்ணெயை ஊற்ற அந்த நேரத்தில் நான் தயாராக இருந்தேன், அது எனக்குத் தெரியும், உன் கண்ணைப் பார்த்தால் உனக்கும் தெரிந்திருந்தது. நீ பின்னால் போனாய். எண்ணெய் தளும்பி என் முழங்கை வரை வழிந்தது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஊர் நியாயம் செய்யக் கூடிய கூட்டம் என்றால் இப்படித்தான் இருக்கும். அதற்குள் நிற்கிற எல்லோரும், நான் உட்பட, எதையும் செய்யத் தயாராக இருப்போம்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. இது ரூபாயா டெபாசிட்டா என்று தெரியாமல் முழித்த அதே காவல் நிலையத்தில், அடித்ததற்கும் உடைத்ததற்கும் புகுந்ததற்கும் பிரிவுகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து விழுந்தன. ஆஸ்பத்திரி வராந்தாவில் இன்ஸ்பெக்டர் என்னிடம் யார் யார் அடித்தது என்று கேட்டார். தெரிந்த பெயர்களைச் சொன்னேன். தணிகாசலம் என்றேன். என் மகன் முரளி என்றேன். அவர் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு, 'யோசிச்சி சொல்லுமா' என்றார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன். எதிர் வீட்டு மனிதரைச் சிறைக்கு அனுப்பிவிட்டு என் பிள்ளையை மட்டும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டால் அந்தத் தெருவில் நான் எப்படி நடப்பேன்? அதற்காக உன் அப்பா மழைக்காலம் முழுவதும் நான் போட்ட சோற்றைச் சாப்பிடவில்லை, ஓட்டலில் தின்றார். நீ கிளைச் சிறையில் இருந்தபோது மனு போட்டுப் பார்க்க வந்தேன். நீ கம்பிக்கு அந்தப் பக்கம் வரவே மறுத்துவிட்டாய். அது உன் உரிமை. இன்று கேட்டாலும் உன் பெயரைச் சொல்வேன்.

ஆனால் கோபி சொல்லவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கண்ணை எடுத்துவிட்டு, தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். வாக்குமூலம் வாங்க மாஜிஸ்திரேட் வந்து ஒவ்வொரு பெயராகப் படித்து, அடித்தாரா என்று கேட்டார். உன் பெயருக்கு மட்டும் அவன் இல்லை என்று தலையாட்டினான். கட்டுப் போட்ட தலையை அசைத்தால் அவனுக்கு எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நீ சீக்கிரம் வெளியே வந்தாய். வக்கீலின் சாமர்த்தியம் என்று உன் அப்பா உன்னிடம் சொல்லியிருக்கிறார், அது பொய். கம்பி பிரித்த பிறகு ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். 'அவன் துட்டு என்னாலதான் போச்சி. வயசும் என்னாலயே போவணுமாக்கா' என்றான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் செய்தி வந்த மறுநாள், அந்த வரைவில் என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். மெஸ்ஸில் மத்தியானம் சாப்பிட வரும் வசந்தி மேடம் ஏனாத்தூரில் காமர்ஸ் பாடம் நடத்துகிறார். அவர் அதைச் செல்போனில் இறக்கி, படித்துப் படித்துத் தமிழில் சொன்னார். காயின் விற்கிறவர்கள் பதிவு செய்ய வேண்டும், வாங்கினவர் பணத்தைத் தங்கள் பணத்தோடு கலக்கக் கூடாது, குறை இருந்தால் இணையத்தில் முறையிட வழி இருக்க வேண்டும், இப்படிப் போகிறது. நல்ல விஷயங்கள்தான். ஆனால் அதில் கோபி இல்லை. வாலாஜாபாத் மண்டபம் இல்லை. செல்போனை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வருகிற மனிதனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நமக்குத் தெரிந்ததை நாம் எழுதினால்தான் அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும் என்று மேடம் சொன்னார்.

அதனால் கோபியையும் தணிகாசலம் அண்ணனையும் ஒரே மேசையில் உட்கார வைத்தேன். சுலபமாக நடக்கவில்லை. கோபி இப்போது மெஸ்ஸில்தான் இருக்கிறான், காய் நறுக்குகிறான், கூடத்துக்கு வரமாட்டான். அண்ணன் ஜாமீனில் இருக்கிறார், சாட்சிகளோடு பேசக் கூடாது என்று நிபந்தனை. அவர் வக்கீலையே கூட வைத்துக்கொண்டு, வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்ற பேச்சோடு, மத்தியானப் பந்தி முடிந்து கூடத்தைக் கழுவிவிட்ட பிறகு இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். தடை வேண்டும் என்று நீ எழுதியிருக்கிறாயே, அண்ணனும் அந்தக் கட்சிதான். தடை செய்யணும், மொத்தமாக ஒழிக்கணும் என்றார். கோபி தலை நிமிராமல், தடை பண்ணினால் இன்னும் ஒளிந்து நடக்கும், நாங்கள் கேட்கும்போதே எந்தக் கேள்வியும் கேட்காமல் மண்டபம் கொடுத்தார்கள், அப்புறம் மண்டபம் கூட வேண்டாம், வீட்டுக்குள் வைத்தே சேர்ப்பார்கள் என்றான். அண்ணன் குரல் ஏறியது. 'ஒன்ன மாதிரி ஆளுங்க பேசறதுக்கு வாயி இருக்குதா இன்னும்' என்று கேட்டுக்கொண்டே கையைத் தூக்கினார்.

கோபி நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டான். விழவில்லை, இறங்கினான். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு மேசைக்கு அடியில் குந்தி, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அண்ணனின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. அவருக்கு முன்னால் தண்ணீர் ஜக்கு இருந்தது. 'தண்ணி எடுக்கத்தான்மா தூக்குனேன்' என்றார் என்னிடம். பிறகு மறுபடியும் அதையே, குனிந்து மேசைக்கு அடியில் பார்த்துச் சொன்னார். 'தண்ணி எடுக்கத்தான்டா தூக்குனேன், கோபி.' அவன் வெளியே வர வெகு நேரம் ஆயிற்று. வந்த பிறகு அண்ணன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்து போகும் வரை எடுக்கவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. 'அவன் சொல்றதையும் எழுதுமா' என்றார்.

எழுதினேன். இரண்டு பேர் சொன்னதையும் எழுதினேன், ஒருவர் தடை வேண்டும் என்கிறார், ஒருவர் வேண்டாம் என்கிறார் என்றே எழுதினேன். இரண்டு பேரும் ஒத்துப் போனது வேறு இடத்தில். காயினைச் சொல்லி ஆள் சேர்க்கிற ஒவ்வொருவனும் தன் பெயரையும் முகத்தையும் அரசாங்கத்தில் பதிவு செய்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும், அந்தப் பதிவைப் பார்க்காமல் எந்த மண்டபமும் இடம் தரக் கூடாது என்று இருவரும் சொன்னார்கள். அப்படி ஒரு பதிவு இருந்திருந்தால் நான் முதல் கூட்டத்துக்கு முன்னாலேயே பயந்திருப்பேன் என்றான் கோபி. பணம் நின்றுபோனால் அந்த ஊருக்கே ஒரு அதிகாரி வந்து, ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, தமிழில் கேட்டுத் தமிழில் எழுதிக்கொள்ள வேண்டும், எந்தப் பிரிவில் போடுவது என்பது அவர்கள் கவலையாக இருக்கட்டும் என்று அண்ணன் சொன்னதை அவர் வார்த்தையிலேயே போட்டேன். கடைசியில் என் பெயரில் ஒன்று சேர்த்தேன். ஏஜெண்டைச் சட்டம் முதலில் பிடிக்க வேண்டும். சட்டம் தாமதமாக வந்தால் ஊர் முந்திக்கொள்ளும், அதைத் தடுப்பதும் இந்தச் சட்டத்தின் வேலைதான் என்று எழுதினேன். என் தம்பியின் கண் போன கதையை ஒரு பத்தியாக எழுதினேன். யார் அடித்தது என்று அதில் எழுதவில்லை, அது கோர்ட்டுக்குத் தெரியும். மேடம் ஆங்கிலத்தில் ஒரு படி செய்து, தமிழையும் சேர்த்து அனுப்பினார். கிடைத்தது என்று உடனே ஒரு பதில் வந்தது, இயந்திரம் அனுப்புகிற பதில்தான். யாராவது படிப்பார்களா தெரியாது. ஆனாலும் கோபி அந்தப் பதிலைக் கேட்டு வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

நீயும் எழுது, முரளி. உனக்குத் தெரிந்தது எங்கள் ஒருவருக்கும் தெரியாது. திரையில் அந்தக் கோடு எப்படி ஏற்றிக் காட்டப்பட்டது, உன் நண்பர்களிடம் என்ன சொல்லச் சொல்லிக் கொடுத்தார்கள், எந்த வார்த்தைக்கு ஆட்கள் மடங்கினார்கள் என்று உனக்குத்தான் தெரியும். அதை எழுதினால் எங்கோ ஒரு ஊரில் ஒருவன் தப்பிப்பான். அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துவிடு. அனுப்பியவர்களிடமும் திரும்ப ஒருமுறை அந்த வரி இல்லாமல் அனுப்பச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஓசூர் வருகிறோம். கோபிதான் கேட்டான், நான் சொல்லவில்லை. அவனுக்கு உன்னிடம் ஏதோ பேச வேண்டுமாம், என்ன என்று என்னிடம் சொல்ல மறுத்துவிட்டான். அவன் உன் பெயரைச் சொல்லாததால் உன் வழக்கில் இனி அவனிடம் கேட்க ஒன்றும் இல்லை, பேசலாம் என்று வக்கீலைக் கேட்டுவிட்டேன். காலை வண்டியில் கிளம்பினால் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவோம். அவனுக்கு இடது பக்கம்தான் மெல்ல முடியும், சோற்றைக் குழைய வடித்து வை. வலது பக்கம் அவனுக்குப் பார்வை இல்லை, அதனால் நீ இடது பக்கமாக வந்து நில், வந்து நிற்பது அவனுக்குத் தெரிய வேண்டும். தட்டு வைக்கும்போதும், தண்ணீர் கொடுக்கும்போதும், நாற்காலியை இழுக்கும்போதும் கையை மெதுவாக நீட்டு. அவன் தலையை மூடிக்கொண்டால் ஒன்றும் பேசாதே, தொடாதே. கையைக் கீழே வைத்துக்கொண்டு, அவன் நிமிர்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திரு.

அம்மா